ஏழு கன்னி மலை விமானத்தை இழுத்ததா?



டிசம்பர் போயாவோடு மலை சீசன் ஆரம்பித்தால் நல்லதண்ணியில் இரவும் பகலும் பஸ்தான், சனந்தான். பிள்ளைகளுக்கும் அது கதை பேசுகிற காலம். பதுளையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிற யாத்திரிகர்களுக்கு வழி காட்டிக்கொண்டே நம் பிள்ளைகள் மலைக்கதைகளையும் சேர்த்து விற்கிறார்கள். அதில் அதிகம் விலை போவது ஏழு கன்னி மலைக் கதை. மலையில் ஏழு கன்னிமார் இருக்கிறார்கள், தங்கள் தலைக்கு மேலே எதுவும் பறக்க விடமாட்டார்கள், அந்தக் காலத்தில் ஒரு பிளேன் போனது, பிடித்து இழுத்துவிட்டார்கள், இன்றைக்கும் பனி மூடிய இரவில் வெள்ளை உடுப்போடு ஆட்கள் நடப்பது தெரியும். கதை இவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் இதைச் சொன்ன பிள்ளையிடம், அந்த பிளேனில் இருந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று கேட்டோம். தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவரச் சொன்னோம். முப்பது பிள்ளைகளில் இரண்டு பேர்தான் பதில் கொண்டுவந்தார்கள். ஆவியைத் தெரிந்த அளவுக்கு ஆட்களைத் தெரியாத நிலைமைக்கு வந்துவிட்டோம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கன்னிமார். இவர்கள் இந்த மலையில் பிறந்தவர்கள் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஏழு கல்லை வரிசையாக நட்டு மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள், அவர்கள்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் ஊர்ச் சனங்களின் முன்னோர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த சாமிகளில் கன்னிமாரும் உண்டு. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கிற ஏழு சிகரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு என்ன தோன்றியிருக்கும்? சிங்களவர்களும் அதைச் சப்த கன்யா என்றே சொல்கிறார்கள். ஆங்கிலேயத் துரைமாரின் வரைபடத்திலும் ஏழு கன்னிகள்தான்.

கன்னிமார் தண்ணீரோடு சேர்ந்தவர்கள். உச்சிப் பகலிலும் அந்தி நேரத்திலும் பெண்பிள்ளைகள் தனியாக ஓடைக்குப் போகக்கூடாது, கன்னிமார் பிடித்துக்கொள்வார்கள் என்று லயத்தில் சொல்லுவார்கள். நம் வீடுகளிலும் இதே கட்டுப்பாடு உண்டு, கன்னிமாருக்குப் பதிலாக ஜின் என்போம். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடை பெருகி வருகிற ஊர் இது. தனியாகப் போன பிள்ளை வழுக்கி விழுந்தால் கூப்பிட்டாலும் கேட்காது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தாய் பிள்ளைக்குப் பயம் காட்டி வளர்த்தாள் என்றால் அதைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் விமானக் கதை வேறு.

1974 டிசம்பர் 4, புதன்கிழமை இரவு. இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட டீசி 8 ரக விமானம் ஒன்று, இடையில் கட்டுநாயக்கவில் இறங்க வந்துகொண்டிருந்தது. நெதர்லாந்து நாட்டின் மார்ட்டின்எயார் நிறுவனத்துடையது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனம் ஹஜ் பயணிகளுக்காக வாடகைக்கு எடுத்திருந்தது. உள்ளே 182 பயணிகள், 9 பணியாளர்கள். பயணிகள் அனைவரும் கிழக்கு ஜாவாவைச் சேர்ந்த ஹாஜிகள். அந்த வருட ஹஜ்ஜுக்கு மூன்று வாரத்துக்கும் குறைவான நாட்களே இருந்தன.

இரவு பத்து மணி கடந்து சில நிமிடங்களில் அந்த விமானம் ஏழு கன்னி மலையில், மஸ்கெலியா தெபர்ட்டன் தோட்டத்துக்கு மேலே மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை.

காரணம் என்ன? இலங்கை அதிகாரிகள் நடத்திய விசாரணையின் முடிவு தெளிவானது. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்கள். கட்டுநாயக்க கிட்ட வந்துவிட்டது என்று நினைத்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கினார்கள். உண்மையில் அவர்கள் விமான நிலையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தூரத்தில், நம் மலைகளுக்கு மேலே இருந்தார்கள். விமானத்தில் இருந்த டொப்ளர் வழிகாட்டிக் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பி இடத்தைக் கணித்ததில்தான் பிழைக்கு வாய்ப்பு ஏற்பட்டது என்று விசாரணை சொன்னது. மோதிய இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 அடி. கடலோரத்தில் இருக்கிற ஓடுபாதையை நோக்கி இறங்குகிறோம் என்று நினைக்கிறவருக்கு அந்த உயரத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. மலைக்கு மேலே இருப்பவருக்கு அது முடிவு.

இழுக்கிற சக்தி என்று ஒன்று இருந்திருந்தால் அடுத்த விபத்துக்கும் ஒரு கன்னி வேண்டும். நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15 இரவு, ஐஸ்லாந்து நாட்டு நிறுவனமொன்றின் விமானம் ஹஜ்ஜை முடித்த இந்தோனேசியப் பயணிகளை ஜித்தாவிலிருந்து சுராபாயாவுக்குக் கொண்டுபோகிற வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. அதே ரக விமானம், அதே நாட்டு ஹாஜிகள். ஓடுபாதைக்கு அருகே விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விழுந்த இடம் தென்னந்தோட்டம். அங்கே மலையும் இல்லை, கன்னிமாரும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்களின் சின்ன மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் பிள்ளை இறந்ததற்காகத்தான் சூரியன் இருண்டது என்று மதீனாவில் சனங்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையை அடக்கிவிட்டு வந்த தகப்பனுக்கு ஆறுதலாக இருக்கும் பேச்சுத்தான் அது. ஆனால் அவர் அதை அப்படியே விடவில்லை. யார் இறந்தாலும் யார் பிறந்தாலும் அதற்காகச் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தத் துக்கத்தின் நடுவிலேயே சனங்களுக்குச் சொன்னார். தன்னைப் பெருமைப்படுத்துகிற மூடநம்பிக்கையைக்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

1974 எப்படிப்பட்ட வருடம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தோட்டங்களில் பஞ்சம் இருந்த காலம். அரிசி இல்லை, மாவு இல்லை, பாணுக்கு வரிசை. தோட்ட மக்களின் இறப்பு வீதம் 1973, 74 இல் கூடியது என்பது பதிவில் இருக்கிற உண்மை. அப்படி வயிறு ஒட்டிக் கிடந்த சனங்களின் மலையில்தான் அந்த இரவு விமானம் விழுந்தது. மொழி தெரியாத, நாடு தெரியாத ஆட்களின் உடல்கள். பெயர் சொல்லி அழ ஒருவர் பக்கத்தில் இல்லை. பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அதைக் கன்னிமாரின் கணக்கில் எழுதினார்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம். பார்த்தவர்கள் அப்படிச் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்க்காத நாம் அதையே இன்னும் சொல்லிக்கொண்டு, அதையும் யாத்திரிகனுக்கு விற்பதுதான் சரியில்லை. விமானத்தின் டயர் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் நினைவுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. போகிற வருகிற பஸ்ஸில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நம் மலைகளைப் பற்றிய கதைகளில் இது வயதில் இளையது. பெரிய மலையின் கதைகள் ஆயிரம் வருடத்தைத் தாண்டும். சிங்களவருக்கு ஸ்ரீ பாதை, இந்துக்களுக்குச் சிவனொளிபாதமலை, நமக்குப் பாவாத மலை. ஆதம் (அலை) இறங்கிய இடம் இதுதான் என்று குர்ஆனில் இல்லை. ஆனாலும் கி.பி. 851 அளவில் எழுதப்பட்ட அரபு வணிகர்களின் குறிப்பிலேயே மலையும் அதன் மேல் ஆதமின் பாதமும் வந்துவிட்டன. அந்தப் பாதத்தின் நீளம் எழுபது முழமாம்! மலை ஏறாமல் துறைமுகத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியதாக இருக்கும்.

ஏறிப் பார்த்து எழுதியவர் இப்னு பதூதா. மொரோக்கோ நாட்டவர். 1344 இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டு புத்தளம் பக்கம் கரை இறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். உனக்கு என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார். மன்னர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். கலாசாலையில் படித்த காலத்தில் அவருடைய பயண நூலில் இலங்கைப் பகுதியை வாசித்தபோது, இது நம் ஊர் ஆட்கள் சொல்கிற கதை மாதிரியே இருக்கிறதே என்று வியந்துபோனோம். மரம், பூ, குரங்கு, யானை, அட்டை எல்லாம் அதில் உண்டு.

வழியில் இருக்கிற குரங்குகளுக்கு ஒரு தலைவன் உண்டாம். தலையில் இலைப் பட்டி கட்டி, கையில் கோல் ஊன்றி, பக்கத்தில் நான்கு குரங்குகள் காவல் நிற்க, மற்றக் குரங்குகள் பழம் கொண்டுவந்து கொடுக்குமாம். மலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த ரோஜா பூக்கும், அதில் அல்லாஹ்வின் பெயரும் நபியின் பெயரும் எழுதியிருக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பூ நம் மேட்டுக் காடுகளில் பூக்கிற மஹ ரத்மல் என்கிற ரொடொடென்ட்ரன் பூவாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கொத்துக் கொத்தாகச் சிவந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

இன்னொரு மரம். அதன் இலை உதிர்வதே இல்லையாம். உதிர்ந்த இலை கிடைத்துத் தின்றால் கிழவனும் குமரனாவான் என்று சொல்லி யோகிகள் அதன் கீழே காத்துக்கிடப்பார்களாம். கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டே வருகிற இப்னு பதூதா இந்த இடத்தில் நிறுத்தி, இது பொய் என்று எழுதிவிட்டார். கதையையும் விடவில்லை, தன் தீர்ப்பையும் விடவில்லை. வரலாறு எழுதுகிற பிள்ளைகள் பார்த்துப் படிக்க வேண்டிய இடம் இது.

அட்டையைப் பற்றி அவர் எழுதியது மட்டும் கதை இல்லை. மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் பாய்கிறது, எலுமிச்சம்பழம் பிழிந்தால் விழுந்துவிடும் என்கிறார். நம் அம்மாமார் கொழுந்து மலைக்குப் போகும்போது காலில் என்ன பூசிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிலர் உப்பு, சிலர் சவர்க்காரம், சிலர் எலுமிச்சை. எழுநூறு வருடமாகியும் அட்டைக்கு வைத்தியம் மாறவில்லை.

யானைக் கதைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஷீராஸ் நகரத்து ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப், முப்பது பக்கீர்களோடு பாதத்தைப் பார்க்கப் போனாராம். வழி தப்பி, பசி தாங்காமல் பக்கீர்கள் ஒரு குட்டி யானையைப் பிடித்து அறுக்கப் பார்த்தார்கள். ஷெய்கு வேண்டாம் என்றார். கேட்கவில்லை. அறுத்துத் தின்றார்கள். அன்று இரவு யானைகள் நாலாபக்கமிருந்தும் திரண்டு வந்து, படுத்திருந்த ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்து, தின்றவர்களையெல்லாம் கொன்றன. தின்னாத ஷெய்கை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டன. ஒரு யானை அவரைத் தும்பிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு ஊர் எல்லையில் இறக்கிவிட்டது. இதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்துச் சனங்கள் முஸ்லிம் பயணிகளை வீட்டில் ஏற்றுச் சோறு போடத் தொடங்கினார்கள் என்கிறார் இப்னு பதூதா.

இது நடந்ததா என்று கேட்டால், கேட்டவர் சொன்னதை எழுதியவர் எழுதினார் என்பதுதான் பதில். ஆனால் அந்தக் காலத்து மலை எப்படி இருந்தது என்பதை அது காட்டுகிறது. யானைக் காட்டுக்குள்ளே மனிதன் விருந்தாளியாகப் போய் வந்த காலம் அது. இன்று எங்கள் பக்கத்துத் தேயிலை மலைகளில் யானை இல்லை. வெள்ளைக்காரன் கோப்பி போடக் காட்டை அழித்தபோது யானையைச் சுடுவது ஒரு விளையாட்டாக இருந்தது. மேஜர் ரோஜர்ஸ் என்கிற ஒருவர் மட்டும் 1,400 யானை வரை சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்துபோனார். நுவரெலியாவில் இருக்கிற அவருடைய கல்லறையிலும் மின்னல் விழுந்து கல் பிளந்தது, யானைகளின் சாபம் விடவில்லை என்று கதை. இந்தக் கதையை விரும்பிச் சொன்னவர்களில் ஆங்கிலேயர்களும் உண்டு. மூடநம்பிக்கை என்றால் லயத்துக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பங்களாவிலும் இருந்தது.

தோட்டத்துக்கு என்றே பிறந்த சாமிகளும் உண்டு. இந்தியாவில் இவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். கொழுந்துக்கு ஒரு சாமி, கவ்வாத்துக்கு ஒரு சாமி, தேயிலை ஃபெக்டரிக்கு ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். கொழுந்தை அரைக்கிற ரோலரும் பெல்ட்டும் சுற்றுகிற இடத்தில் முனி குடியிருக்கிறார், காவு கொடுக்காவிட்டால் ஆளையே கேட்பார் என்பது நம்பிக்கை. அதனால் கோழியோ ஆடோ அறுத்து வருடா வருடம் பூசை செய்வார்கள். தடுப்புக் கம்பி இல்லாத அந்தக் காலத்து மெஷினில் கை போனவர்களுக்கு நட்டஈடு கேட்க இடம் இருக்கவில்லை. துரையிடம் கேட்க முடியாததை முனியிடம் கேட்டார்கள். இந்தப் பூசைக்குத் துரையும் ஆட்சேபம் சொல்வதில்லை. ஏன் சொல்வார்? கை போனால் அது முனியின் கோபம், மெஷினின் குறை இல்லை என்று ஆகிவிட்டதே!

காட்டேரி விசயத்தில் இது இன்னும் கசப்பானது. காட்டேரி பெண்களின் இரத்தத்தைக் குடிக்கும், அதுவும் பிள்ளைத்தாய்ச்சியின் இரத்தத்தை. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, மலை ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுகிற பெண்ணைப் பார்த்தால் காட்டேரி பிடித்திருக்கிறது என்பார்கள். இரத்தம் போனது உண்மைதான். குடித்தது கொக்கிப்புழு. கக்கூசு இல்லாத லயங்களில், செருப்பில்லாத காலோடு ஈர மண்ணில் நடந்தவர்களின் பாதம் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிற புழு. அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் 1916 அளவில் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களின் வயிற்றில் அது இருப்பதைக் கண்டார்கள். மருந்து கொடுத்தால் போகும். கக்கூசு கட்டாவிட்டால் திரும்பி வரும். கக்கூசு கட்டத் தோட்டக் கம்பனிகள் காட்டிய தயக்கம் காட்டேரியைவிடப் பொல்லாதது.

நம்மவர்களும் இதில் ஒதுங்கி நிற்கவில்லை. காட்டேரிக்குக் கோடாங்கி பார்த்துச் சரிவராவிட்டால், லயத்துச் சனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குத்தான் வந்தது. லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுப்பார், நூல் கட்டுவார். சாதி பார்க்காமல், மதம் பார்க்காமல் யார் வந்தாலும் உட்கார வைத்துப் பேசிய அந்த மனிதர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போயிருக்க வேண்டும்.

பறவை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், இது கொஞ்சம் சிரிப்புக்காக. நடுக்காட்டில் இரவில் பெண் அலறுவது போலக் கத்துகிற பறவையைச் சிங்களத்தில் உலமா என்பார்கள். கணவன் பிள்ளையைக் கொன்று கறி சமைத்து மனைவிக்குக் கொடுத்தானாம், கறியில் விரலைக் கண்டவள் பித்துப்பிடித்துக் காட்டுக்குள் ஓடிப் பறவையானாளாம். அது பெரிய காட்டு ஆந்தை ஒன்றின் குரல் என்பது பறவை ஆய்வாளர்களில் பலரின் முடிவு. நேற்று இரவு உலமா கத்தியது, யாரோ சாகப்போகிறார்கள் என்று சிங்களக் கூட்டாளி சொன்னதைக் கேட்டு, எந்த மௌலவி என்று விசாரித்தாராம் நம்ம ஆள் ஒருவர்.

சிரிக்க முடியாத விசயம் சிறுத்தை. நம் ஊர்ப் பெயர் நாடு முழுவதும் செய்தியில் வந்தது 2020 மே மாதத்தில். கொரோனா ஊரடங்குக் காலம். மே 26 அன்று லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் கழுத்து மாட்டிக் கிடந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் மயக்க ஊசி போட்டு விடுவித்து உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29 இல் செத்துப்போனது. கருஞ்சிறுத்தை வேறு இனம் இல்லை, மற்றச் சிறுத்தையேதான், தோலில் கறுப்பு நிறமி கூடிப் பிறந்தது. இலங்கையில் அப்படி ஒன்றைக் காண்பதே அபூர்வம். நம் மலைக் காடு 1940 இல் சரணாலயமானது. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அப்படிப்பட்ட காட்டின் ஓரத்தில், மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வராமலிருக்க வைத்த கம்பி அதைக் கொன்றது.

அது செத்த பிறகு ஊரில் நடந்த பேச்சு நினைவிருக்கும். சிலர் அது சிறுத்தையே இல்லை, முனி அந்த ரூபத்தில் வந்தது என்றார்கள். சிலர் அபசகுனம், கொரோனாவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்றார்கள். கம்பியை யார் வைத்தது என்ற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. கன்னிக்கும் கண்ணிக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் உள்ள வித்தியாசம்தான், தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகள் தினமும் மாற்றி எழுதுகிறார்கள். அவர்களைத் திருத்துகிற நாமும் வெளியே அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் வெளியே பேசுவதில்லை. பிள்ளைக்குப் பயம் வராது, கண்ணூறு படாது என்று கழுத்தில் புலிநகம் போடுகிற பழக்கம் எல்லாச் சமூகத்திலும் உண்டு. இந்த நாட்டில் புலி கிடையாது. அது சிறுத்தையின் நகம். கம்பியில் மாட்டிச் செத்த சிறுத்தைகளில் சிலவற்றின் பல்லும் நகமும் பிடுங்கப்பட்டிருந்ததாகச் செய்திகளில் வாசித்திருக்கிறோம். சிறுத்தையின் உடற்பாகம் எதையும் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஒரு பிள்ளையின் பயம் போக ஒரு மிருகத்தின் காலில் இருந்து நகம் பிடுங்கப்படுகிறது. பன்றியைப் பிடித்துத் தின்கிறதும் அந்தச் சிறுத்தைதான், அது இல்லாத மலையில் பன்றி பெருகும், பன்றிக்கு இன்னும் கம்பி வைப்பார்கள். உங்கள் பாத்தி ஓரத்தில் சுருக்குக் கம்பி கண்டால் கழற்றிவிடுங்கள். மிருகம் மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல், கூட்டம் சேர்க்காமல், படம் பிடித்துக்கொண்டு நிற்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

வண்ணத்துப்பூச்சியைப் பற்றி எழுத இடம் போதவில்லை. சீசனில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டம் கூட்டமாகப் பறந்து போவதைப் பார்த்து, மலையை வணங்கிச் சாகப் போகின்றன என்பார்கள். சமனல கந்த என்ற பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். அவை பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிற பூச்சிகள். இதை நம்புவதால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, பிள்ளைகள் கல்லால் அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கதை இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி எங்கள் வேண்டுகோள். 1974 டிசம்பர் 4 இரவு தெபர்ட்டன், நோர்ட்டன், மஸ்கெலியா, லக்ஷபான, நல்லதண்ணி பக்கம் இருந்தவர்கள் இன்னும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அன்றைக்கு இருபது வயதில் மலை ஏறியவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. சத்தம் எப்படிக் கேட்டது, யார் முதலில் போனார்கள், எந்தப் பாதையால் போனார்கள், எதைக் கண்டார்கள், யாரை எங்கே அடக்கினார்கள், யார் அவர்களுக்காகத் தொழுதார்கள், துஆ கேட்டார்கள், விளக்கு வைத்தார்கள், தெரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். தாத்தாவிடமோ அப்பாயியிடமோ உம்மம்மாவிடமோ உட்கார்ந்து, ஃபோனில் குரலைப் பதிந்து எங்களுக்கு அனுப்புங்கள். ஆவியைக் கண்டவர்களும் சொல்லலாம், அதையும் எழுதிக்கொள்கிறோம், ஆனால் தனிக் கொப்பியில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த தவணையில் இதை ஒரு செயற்திட்டமாகச் செய்யப் போகிறார்கள். முதல் பக்கத்துக்கு 182 பயணிகளின் ஊர்களான கிழக்கு ஜாவாவின் வரைபடத்தை வரையத் தொடங்கிவிட்டார்கள்.